கை குலுக்கினால் குற்றம்

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் தூண் பாறையைப் பார்க்கிறார்கள், ஏரியில் படகு விடுகிறார்கள், சாக்லேட்டும் தைலமும் வாங்கிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாக இறங்கிவிடுகிறார்கள். 'கோகினூர்' பங்களாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. போன முறை நான் கேட்டபோது டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அதுவா தம்பி, காஷ்மீர் சிங்கத்தக் கொண்டாந்து வச்சிருந்தாங்களே, அந்த வீடு."

சிங்கம் என்றால் ஷேக் அப்துல்லா. 1965 மார்ச் 31 அன்று அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். ஹஜ் முடித்துத் திரும்பியவரை மே 8 அன்று டெல்லி பாலம் விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். முதலில் ஊட்டி, பிறகு கொடைக்கானல். நகராட்சி எல்லையைத் தாண்டக் கூடாது, அனுமதியில்லாமல் யாரையும் பார்க்கக் கூடாது. அந்தக் காவல் முழுக்க முடிந்தது 1968 ஜனவரியில். விசாரணை நடக்கவே இல்லை.

இதை நண்பர்கள் குழு ஒன்றில் எழுதினேன். உடனே பதில் வந்தது: "ஜியோபாலிடிக்ஸ் தெரியாம பேசாத. 62ல அடி வாங்குன நாடு, மூணே வருஷத்துல சீனாக்காரன்கூட கை குலுக்கினா சும்மா விடுமா?" இன்னொருவர், "பங்களாவுலதான வச்சாங்க, ஜெயில்லயா போட்டாங்க?" என்றார்.

முதல் கேள்வி நியாயமானது. அந்தச் சந்திப்பு அவசரபுத்தி என்று நானும் ஒப்புக்கொள்வேன். 1963லேயே பாகிஸ்தானும் சீனாவும் காஷ்மீர் நிலத்தை வைத்து எல்லை ஒப்பந்தம் போட்டுவிட்டன. டெல்லிக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவசரபுத்தி வேறு, தேசத்துரோகம் வேறு. துரோகம் என்றால் நீதிமன்றத்தில் நிரூபித்திருக்க வேண்டும்.

இதற்கு முன்னால், 1953 ஆகஸ்டில் அவரைப் பதவி நீக்கிக் கைது செய்தபோது, அமெரிக்கக் கையாள் என்று பேச்சு. அந்த மே மாதம் அட்லாய் ஸ்டீவன்சன் ஸ்ரீநகருக்கு வந்து அவரைச் சந்தித்திருந்தார், அது போதுமானதாக இருந்தது. சதி வழக்கை 1964இல் அரசே திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு அதே மனிதர் சீனக் கையாள்! வாஷிங்டனும் பீஜிங்கும் பரம எதிரிகளாக இருந்த காலம் அது. இரண்டுக்கும் ஒருவரே கையாளாக இருந்திருந்தால் அவருக்குச் சிலைதான் வைக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் யார் யாருடன் கை குலுக்கினார்கள் என்று பாருங்கள். பாகிஸ்தான் 1954இல் அமெரிக்காவுடன் ராணுவ உதவி ஒப்பந்தம் செய்தது, சீட்டோவில் சேர்ந்தது, அடுத்த ஆண்டு பாக்தாத் ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. கம்யூனிசத்தைத் தடுக்கத்தான் ஆயுதம், இந்தியாவுக்கு எதிராக அல்ல என்று ஐசனோவர் நேருவுக்கு எழுதினார். 1965 செப்டம்பரில் அந்த பேட்டன் டாங்கிகள் பஞ்சாபின் கேம்கரன் வயல்களில் நின்றன. போர் மூண்டதும் அமெரிக்கா இரு தரப்புக்கும் ஆயுதத்தை நிறுத்தியது. சீனா இந்தியாவுக்குக் கெடு விதித்தது. சோவியத் ஒன்றியம் தாஷ்கண்டில் உட்காரவைத்துச் சமாதானம் பேசியது. கூட்டணி என்றால் இதுதான்: ஒப்பந்தம் தலைநகரத்தில், டாங்கி யாரோ ஒரு விவசாயியின் கரும்புக் காட்டில்.

அந்தப் போருக்கு முன் பாகிஸ்தான் ஆட்களை ஊடுருவ விட்டது, காஷ்மீரிகள் கிளர்ந்தெழுவார்கள் என்று கணக்குப் போட்டு. அவர்கள் எழவில்லை. தங்கள் தலைவர் பழனி மலையில் அடைபட்டுக் கிடந்தபோதும் எழவில்லை. துரோகியின் மக்கள் என்றால் அப்போதல்லவா காட்டியிருக்க வேண்டும்? அதன் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவரை விடவில்லை.

நிக்சன் 1972இல் பீஜிங் போய் அதே சூ என்லாயின் கையைக் குலுக்கினார், அது ராஜதந்திரம். 1988இல் ராஜீவ் காந்தி போனார், அதுவும் ராஜதந்திரம். ஷேக் அப்துல்லாவையே 1975இல் ஒப்பந்தம் பேசி முதலமைச்சராக்கினார்கள். துரோகம் எங்கே போனது?

"காஷ்மீர் கதை நமக்கெதுக்கு?" என்பவர்களுக்கு. அவரை அடைத்து வைத்தது இந்தியப் பாதுகாப்புச் சட்டம். சீனப் போருக்காக 1962இல் வந்தது. ஒரு மாதத்தில் சண்டை நின்றது, நெருக்கடிநிலை 1968 ஜனவரி வரை நின்றது. இடையில், 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காக மு. கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்ததும் அதே சட்டம்தான். மாசேதுங்குக்கும் இந்தி எதிர்ப்புக்கும் என்ன சம்பந்தம்? வெளி எதிரியைக் காட்டி வாங்கும் சட்டம் உள்ளூர்க்காரன் மீதுதான் பாயும்.

ஈழத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களைப் படியுங்கள். திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், அந்நிய ஒலிபரப்பு நிலையம், அந்நிய ராணுவ ஆலோசகர்கள் என்று டெல்லியின் கவலை எல்லாம் அதில் இருக்கிறது. ஒப்பந்தம் எந்த மக்களின் பெயரைச் சொல்லி வந்ததோ, அந்தத் தமிழர்களில் ஒருவரும் அதில் கையெழுத்திடவில்லை. 2009 மே 27 அன்று ஜெனீவாவில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் சேர்ந்து கை தூக்கின. எல்லைக்காகச் சண்டை போட்டவர்கள் முள்ளிவாய்க்கால் என்று வந்ததும் ஒன்றாகிவிட்டார்கள்.

இந்த வலி தெரிந்த நாமே காஷ்மீரி வாய் திறந்தால் "எவன் கையாள்?" என்று கேட்கிறோம். நம்மைப் பார்த்து அதே கேள்வியை எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள்?

நண்பரின் இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆமாம், பங்களாதான், நல்ல குளிர், நல்ல காட்சி. குற்றம் என்னவென்று சொல்லாமல் ஒருவரை அடைத்து வைத்தால், ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு அழகான மலை தெரிந்தாலும் அதற்குப் பெயர் சிறை. அடுத்த முறை கொடைக்குப் போனால் அந்த வீட்டை விசாரித்துப் போய்ப் பாருங்கள். யாரையாவது கையாள் என்று டைப் பண்ணுவதற்கு முன்னால் எந்த வழக்கு, எந்த நீதிமன்றம் என்று ஒரு தடவை கேளுங்கள்.