தாய்மொழிக்கு நாணும் பிள்ளை

பிள்ளைகளின் மனநலம் குறித்து இன்று எங்கும் பேசப்படுகிறது. பள்ளிகள் ஆலோசகரை அழைக்கின்றன. பெற்றோர் மருத்துவரை நாடுகின்றனர். இரண்டும் நன்றே. ஆயினும், காலையில் பிள்ளையின் தாய்மொழியை இழித்துவிட்டு, மாலையில் அதன் மனச்சோர்வுக்கு மருந்து தேடுவது என்ன அறிவுடைமை?

இவ்வினா ஓசூருக்கு மிகவும் பொருந்தும். 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அதற்கு முன்பே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் பேசப்பட்ட மண் இது. ஆலைகள் பெருகப் பெருக, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் உழைக்க வந்தோரின் மொழிகளும் சேர்ந்துகொண்டன. இத்தனை செல்வம் நிறைந்த ஊரில், தன் தாய் பள்ளி வாயிலில் உரக்கப் பேசினால் கூசிக் குறுகும் பிள்ளைகளை நாம் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

“பண்பாடு சோறு போடுமா? தேர்வும் வறுமையும் அல்லவா பிள்ளையை வாட்டுகின்றன?” என்பர் சிலர். வாட்டுவது உண்மையே. ஆனால் அத்துன்பத்தைப் பிள்ளை யாரிடம், எம்மொழியில் சொல்லி அழும்? தாயின் மொழி தாழ்ந்தது என்று கற்ற பிள்ளை, தாயின் அறிவுரையும் தாழ்ந்தது என்றே கருதும். பள்ளி மொழியிலோ அதற்குப் பாடம் ஒப்பிக்கத் தெரியுமேயன்றி, நோவைச் சொல்லத் தெரியாது. ஊமைத் துயரம் இவ்வாறுதான் பிறக்கிறது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொல்குடிச் சமூகங்களை ஆய்ந்த சாண்ட்லரும் லாலோண்டும், தம் பண்பாட்டையும் தன்னாட்சியையும் பேணிய சமூகங்களில் இளையோர் தற்கொலை மிகக் குறைவு என 1998-இல் காட்டினர். முன்னோர் மொழியைப் பெரும்பாலோர் பேசும் சமூகங்களிலும் அவ்வாறே என 2007-இல் வந்த ஆய்வு கூறியது. மொழி ஒன்றே காரணம் என இதனால் மெய்ப்பிக்க இயலாது. எனினும் இத்தொடர்பைப் புறக்கணிப்பது பொறுப்பன்று.

அரசும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் நல்ல நோக்குடையதே. இம்மண்ணில் வாழும் ஒவ்வொரு பிள்ளையும் தமிழ் கற்கத்தான் வேண்டும். ஆனால், தெலுங்கையும் கன்னடத்தையும் உருதையும் முதல் மொழியாகப் பயின்ற மாணவர் பொதுத்தேர்வில் விலக்குப் பெற நீதிமன்றங்களின் வாயிலில் நிற்க நேர்ந்ததே, அது தமிழுக்குப் பெருமையா? தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்க என்கிறது நம் அரசியலமைப்பின் 350-அ பிரிவு. பிள்ளையின் பண்பாட்டையும் மொழியையும் மதிக்கக் கற்பிப்பது கல்வியின் நோக்கம் என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை; இந்தியா 1992-இல் அதனை ஏற்றது. தமிழைக் கூட்டுங்கள், தாய்மொழியைக் கழிக்காதீர்கள்.

பெருமை என்ற பெயரில் பகைமையை ஊட்டுவோரிடமும் ஒரு சொல். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலால் கர்நாடகத் தமிழர் உயிருக்கு அஞ்சி எல்லை கடந்து வந்தனர். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிந்தன. அண்டை வீட்டாரை இகழ்ந்து பெறும் பெருமை அச்சத்தின் மறுபெயர். அஞ்சும் பிள்ளைக்கு மனநலம் ஏது?

உண்மைப் பெருமைக்கு இங்கே பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஆலையில் இரும்பை வடிக்கும் தொழிலாளியின் மகன், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இரும்பு புழங்கியதை அறிவானா? ஊர்ப்புறத்து நடுகற்களைக் காட்டி, யார் யாருக்காக உயிர் கொடுத்தார் என எந்தப் பள்ளி சொல்கிறது?

பள்ளிகளே, தாய்மொழி பேசியதற்காகத் தண்டிப்பதை நிறுத்துங்கள். தெலுங்குப் பாட்டி, கன்னடத் தாத்தா, ஒடியத் தாய் ஆகியோரை வகுப்பறைக்கு அழைத்துக் கதை சொல்லச் செய்யுங்கள். தமிழ்ப் பிள்ளையும் அமர்ந்து கேட்கட்டும். பெற்றோரே, ஆங்கிலம் கற்பியுங்கள். ஆனால் வீட்டின் உணவு மேசையில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள். தன் வேரை மதிக்கும் பிள்ளைக்கே பிறர் வேரையும் மதிக்கத் தெரியும். புயல் வரும் நாளில் சாயாமல் நிற்கவும் தெரியும்.