திருகாணியைக் கழற்றும் உரிமை

பழைய சிற்றிதழ்களைப் பக்கம் பக்கமாக வருடி எடுத்து, தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்துச் சேமித்து வைக்கும் வேலையை நாங்கள் சிலர் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். அதற்குப் பயன்பட்டுவந்த கணினி, பதினோரு ஆண்டு உழைப்புக்குப் பின், அண்மையில் ஓய்வு கேட்டது. புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். உதிரிப் பாகங்களை வாங்கி நாங்களே பூட்டிக்கொள்வதா, பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் உயர்விலைக் கணினியை உறை பிரித்து மேசைமேல் வைப்பதா என்று பேச்சு எழுந்தது. நண்பர் ஒருவர் சற்று எரிச்சலுடன் சொன்னார்: "இலக்கியக்காரனுக்கு எதுக்குங்க இந்த மெக்கானிக் வேலை? நல்லதா ஒண்ணை வாங்கி வெச்சிட்டுப் படிக்கிற வேலையைப் பார்க்கலாம்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறோம். அது அவர் ஒருவரின் கருத்தன்று. நம் வாசக உலகில் பலரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டுவிட்ட நம்பிக்கை. கருவியைப் பற்றி அறியாதிருப்பது கலைமனத்தின் அடையாளம் என்றும், விலை கூடியதை வாங்குவது ரசனையின் அடையாளம் என்றும் இரண்டு மூடநம்பிக்கைகள் அதற்குள் கைகோத்து நிற்கின்றன.

முதலில் விலையை ஒதுக்கிவைப்போம். மலிவு என்ற ஒரே காரணத்துக்காகச் சொந்தமாகப் பூட்டிய கணினியை ஆதரிப்பவர்கள் எங்கள் தரப்புக்கு நன்மை செய்யவில்லை. 1990களின் இறுதியிலும் 2000களிலும் அது மலிவாகத்தான் இருந்தது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், வானொலி உதிரிகள் விற்ற கடைகளுக்கு நடுவே கணினிப் பாகங்கள் வந்து குவிந்தபோது, நிறுவனப் பெயர் பொறித்த கணினியை எட்ட முடியாத சிறு அச்சகங்களும் மாணவர்களும் 'அசெம்பிள்டு' கணினியின் வழியாகவே அவ்வுலகுக்குள் நுழைந்தார்கள். இன்று அந்தக் கணக்கு எப்போதும் செல்லுபடியாவதில்லை. 2021இல் வரைகலை அட்டைகள் யானை விலை குதிரை விலை விற்றன. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில், உதிரி நினைவகத்தின் விலை எகிறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறை வாங்குவோருக்கான தன் 'க்ரூஷியல்' வணிகத்திலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது. மலிவை நம்பி வாதம் கட்டினால், விலைப்பட்டியல் மாறும் நாளில் வாதமும் சரிந்துவிடும்.

எங்கள் வாதம் வேறு. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கவும், பழுதானதை மாற்றவும், போதாததைக் கூட்டவும் முடிந்தால்தான் அது நமக்குச் சொந்தம். இவற்றுள் எதற்கும் இடமில்லாத பொருளில் நாம் குடிக்கூலி இல்லாத குடியிருப்பாளர்கள் மட்டுமே. எப்போது காலி செய்ய வேண்டும் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிப்பார்.

இந்த வீட்டுக்காரர்களின் பூர்வீகத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நல்லது. 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800, வாங்குபவர் தாமே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பாகவே விற்கப்பட்டது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் கூடிய ஹோம்ப்ரூ கணினிச் சங்கத்தின் கூட்டங்களிலிருந்துதான் ஸ்டீவ் வோஸ்னியாக் புறப்பட்டார். அவர் வடிவமைத்த முதல் ஆப்பிள் கணினி 1976இல் வெறும் சுற்றுப்பலகையாக 666.66 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பெட்டியும் விசைப்பலகையும் மின்வழங்கியும் வாங்கியவர் பாடு. 1977இல் வந்த இரண்டாம் ஆப்பிளின் மூடியைக் கையாலேயே தூக்கிவிடலாம். உள்ளே எட்டு விரிவாக்கப் பொருத்துவாய்கள் காத்திருந்தன. ஆனால் 1984இல் வந்த முதல் மெக்கின்டோஷுக்குள் விரிவாக்கப் பொருத்துவாய் ஒன்றுகூட இல்லை. 128 கிலோபைட் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. பெட்டியைத் திறக்கவே நீண்ட தண்டுள்ள தனிவகைத் திருப்புளி தேவைப்பட்டது. திறந்த பலகையிலிருந்து பூட்டிய பெட்டிக்குச் செல்ல எட்டே ஆண்டுகள்!

எதிர்த்திசையில் நிகழ்ந்ததும் அறியத்தக்கது. 1981இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினியைச் சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே கட்டியது. சுற்று வரைபடங்களும் பயோஸ் நிரலும் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டையும் விற்பனைக்கு வைத்தது. காம்பேக் நிறுவனம் அந்த நிரலைப் படியெடுக்காமல், அது செய்யும் வேலையைச் செய்யும் வேறொரு நிரலைத் தானே எழுதி, 1982இல் ஒத்தியங்கும் கணினியை அறிவித்தது. அந்த விரிசல் வழியாகத்தான் உலகெங்கும் உதிரிப் பாகச் சந்தை பெருகிற்று. ரிச்சி தெருவும் அந்த வெள்ளத்தில் வந்ததுதான். 1984இல் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் கணினிகளைத் திறந்து மேம்படுத்தி விற்ற மாணவர்தான் மைக்கேல் டெல். மெக்கானிக் வேலையை இழிவாகப் பேசுவோர், தாங்கள் வணங்கும் பெயர்கள் சில மெக்கானிக்குகள் இட்ட பெயர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தமிழ் வாசகனுக்கு இது புதிய பாடமும் அன்று. 1990களில் ஒவ்வொரு மென்பொருளாரும் தமக்கென ஓர் எழுத்துருவும் தமக்கென ஒரு குறியாக்கமும் வைத்திருந்த காலத்தை நாம் மறந்துவிட்டோமா? ஒருவரிடம் தட்டச்சிட்ட கதை மற்றொருவரின் திரையில் புரியாத குறிகளின் குப்பையாக விழும். அந்த எழுத்துருவை விற்றவர் கடையை மூடினால் கோப்பும் ஊமையாகிவிடும். திஸ்கி, 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தாம், தாப் என்று பல முயற்சிகளைக் கடந்து ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தோம். 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரநிலையாக ஏற்றது. இன்றும் எங்களிடம் வரும் பழைய கோப்புகளில் சிலவற்றைப் படிப்பதற்கு, அவை எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டன என்று துப்பறிவதிலேயே ஒரு மாலை கழிகிறது. பூட்டிவைத்த குறியாக்கத்துக்கு எதிராக அன்று இணையத்தில் மணிக்கணக்கில் வாதாடிய அதே நண்பர்கள், பூட்டிவைத்த இயந்திரத்தை இன்று அழகு என்று போற்றுகிறார்கள். எழுத்துக்கு ஒரு நீதி, எழுத்தைத் தாங்கும் பெட்டிக்கு வேறொரு நீதியா?

இது வெறும் கொள்கைச் சண்டை அன்று என்பதற்கு எங்கள் அனுபவமே சான்று. எங்கள் வட்டத்தின் மற்றொரு நண்பர் உயர்விலை மடிக்கணினி ஒன்று வைத்திருந்தார். விரல்மொத்தமே இருக்கும், பார்க்கக் கண்ணாடிபோல் மின்னும். மறைந்த எழுத்தாளர் ஒருவரின் கடிதங்களைக் குடும்பத்தாரிடம் கேட்டுப் பெற்று, ஆறு மாதம் உட்கார்ந்து அதில் தட்டச்சிட்டு, மூலங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு மழைக்கால இரவுக்குப் பின் அந்தக் கணினி விழிக்கவில்லை. சேவை மையத்தில் சொன்னது இதுதான்: தாய்ப்பலகையை முழுதாக மாற்ற வேண்டும், சேமிப்புச் சில்லுகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை, அவற்றின் மறைக்குறியீட்டுச் சாவியும் செத்துப்போன பலகையில்தான் இருக்கிறது, ஆகவே உள்ளிருந்தவை திரும்பா. குடும்பத்தாரிடம் மீண்டும் சென்றபோது, வீடு மாறியதில் கடிதங்களில் ஒரு பகுதி தொலைந்துபோயிருந்தது.

வேறிடத்தில் படி எடுத்து வைக்காதது எங்கள் பிழை. அதை மறைக்கவில்லை. ஆனால் எங்கள் பதினோரு வயதுக் கணினி செத்ததும் இதே நோயால்தான், தாய்ப்பலகை போயிற்று. இரண்டு திருகாணிகளைக் கழற்றி வட்டை வெளியே எடுத்து, இன்னொரு கணினியில் செருகினோம். அரைமணி நேரத்தில் எல்லாக் கோப்புகளும் கண்முன் இருந்தன. ஒரு காசு செலவில்லை. இரண்டும் மரணமே, ஒன்றில் மட்டும் வாரிசுக்குச் சொத்து கிடைத்தது.

பூட்டுவது பெரிய வித்தை என்று அஞ்சுவோர்க்காகச் சொல்கிறோம். செயலி, அதைக் குளிர்விக்கும் விசிறி, தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி, பெட்டி ஆகிய ஏழு பாகங்கள் போதும். செயலியின் மூலையில் ஒரு முக்கோணக் குறி இருக்கும். பொருத்துவாயிலும் அதே குறி இருக்கும். நினைவகப் பட்டையின் விளிம்பில் ஒரு வெட்டு உண்டு. திருப்பி வைத்தால் இறங்காது. தவறாகப் பூட்ட முடியாதபடிதான் பெரும்பாலான இணைப்புகளும் அமைந்திருக்கின்றன. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுகளில் திருகாணித் துளைகளின் இடங்கள் இன்றும் செல்லும் என்பதால், எங்கள் பழைய பெட்டிக்குள்ளேயே புதிய தாய்ப்பலகை உட்கார்ந்துகொண்டது. வன்பொருளுக்கு வாய்த்த ஒருங்குறி அது. எல்லாம் முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதுமானதாக இருந்தது.

வேலைக்கேற்ற உடல் என்பது மற்றொரு பயன். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை 300 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில், சுருக்காமல் வருடினால் 26 மெகாபைட் ஆகிறது. அறுபத்து நான்கு பக்க இதழ் ஏறத்தாழ 1.7 கிகாபைட். ஆயிரம் இதழ்கள் என்றால் 1.7 டெராபைட், இரண்டு வட்டுகளில் இரு படிகளாக வைக்க அதைப்போல் இருமடங்கு. எங்களுக்கு வேண்டியது மின்னல் வேகச் செயலியும் அலுமினிய மேனியும் அல்ல. பெரிய வட்டுகள் இரண்டும், நாளை மூன்றாவதைச் செருக ஓர் இடமும்தான். உயர்விலைப் பெட்டிகளில் கூடுதல் நினைவகத்துக்குக் கேட்கப்படும் தொகையோ வேறு உலகத்தது. 2024இல் ஆப்பிள் தன் மெக் கணினிகளில் 16இலிருந்து 24 கிகாபைட்டுக்கு உயர்த்த அமெரிக்காவில் 200 டாலர் வாங்கிற்று. வாங்கும் நாளிலேயே அதைத் தீர்மானித்துவிடவும் வேண்டும்; பின்னர் மனம் மாறினால் வழியில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பயணத்தில் எழுதுகிறவர்களுக்கு மடிக்கணினியே கதி. அதைக் கையால் பூட்டுவது நடைமுறையில் இயலாது. 2020இல் தொடங்கிய ஆப்பிளின் சொந்தச் செயலிகள் குறைந்த மின்சாரத்தில் நெடுநேரம் உழைக்கின்றன என்பதையும், சத்தமின்றி இயங்குகின்றன என்பதையும் மறுக்க மாட்டோம். செயலிக்கு அருகிலேயே நினைவகத்தை வைப்பதற்குப் பொறியியல் காரணம் உண்டு. மறுபுறம், மட்டமான எஸ்.எம்.பி.எஸ். ஒன்று ஏனைய பாகங்களையும் சேர்த்துச் சாகடிக்கக்கூடும். அசெம்பிள்டு கணினிகள் பலவற்றில் திருட்டு மென்பொருள் ஏறி வந்தது என்பதும் நம் பழைய பாவம். லினக்ஸ் இருக்கையில் அப்பாவத்தைத் தொடர இன்று சாக்கில்லை. ஆனால் பொறியியல் காரணம் எல்லாப் பூட்டுகளுக்கும் பொருந்தாது. சேமிப்பைக் கழற்றத்தக்கதாக வைத்துக்கொண்டு மெலிய மடிக்கணினி செய்யலாம் என்பதை 2021இல் வந்த ஃப்ரேம்வொர்க் காட்டியிருக்கிறது. சாதாரணத் திருப்புளிக்கு மசியாத ஐந்திதழ்த் திருகாணியை 2009இல் ஆப்பிள் கொண்டுவந்ததற்கு எந்த வேக அளவீட்டைக் காரணம் காட்டுவது?

அரசுகளும் விழித்துக்கொண்டிருக்கின்றன. இந்தியாவில் 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கான நெறிமுறையை நிறைவேற்றியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், அசல் பாகத்தையே ஆனாலும் நிறுவனத்தின் ஒப்புதலின்றி மாற்றவிடாமல் செய்யும் மென்பொருள் பூட்டைச் சட்டத்தால் தடுத்தது. சட்டம் உரிமையைத் தரலாம். திருப்புளியைக் கையில் எடுக்கும் விருப்பத்தைச் சட்டம் தர முடியாது.

இனி "இலக்கியக்காரனுக்கு எதுக்கு" என்ற கேள்விக்கு வருவோம். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகங்களைத் தாமே வெளியிட்டு, மூட்டையாகச் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர். சுமைகூலி வேலை எழுத்தாளனுக்கு எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் நமக்கு எது மிஞ்சியிருக்கும்? சிற்றிதழ் மரபு என்பதே, எழுதுவதோடு நில்லாமல் மெய்ப்புப் பார்த்து, மடித்து, ஒட்டி, அஞ்சலில் சேர்த்த கைகளின் மரபு. அந்தக் கைகளின் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் நாம், நான்கு திருகாணிகளின் முன் அந்தணத் தூய்மை கொண்டாடுவது பொருத்தமாக இல்லை.

உயர்விலைக் கணினி வாங்க விரும்புவோர் வாங்கட்டும். அவர்கள் பணம், அவர்கள் மேசை. ஆனால் கடைக்காரரிடம் நிறத்தையும் எடையையும் விசாரிப்பதோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். வட்டைக் கழற்ற முடியுமா? நினைவகத்தைக் கூட்ட முடியுமா? மின்கலத்தை நானே மாற்ற முடியுமா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால், உங்கள் நாவலின் கையெழுத்துப்படியை எவரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு ஒப்படையுங்கள்.