லயத்து முதியவரின் மருத்துவச் செலவு

குறிப்பிட்ட தொகை வரையான சிகிச்சைச் செலவை நோயாளியே ஏற்க, அதற்கு மேற்பட்டதை மட்டும் செலுத்தும் காப்புறுதியும், அந்த முதற்பங்கைச் சமாளிக்க உழைக்கும் காலத்திலேயே பணம் சேர்க்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. சிங்கப்பூர் 1984இல் தொடங்கிய மெடிசேவ் கணக்கோடு 1990இல் மெடிஷீல்ட் காப்புறுதியை இவ்வாறே இணைத்தது. இந்த ஏற்பாடு இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கும் பொருந்தும் என்போர், அங்கு ஓய்வுபெறும் தொழிலாளியிடம் எஞ்சுவது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகத்தின் பங்காக 12 வீதமும் சேரும் ஊழியர் சேமலாப நிதியே அவரது பெருஞ்சேமிப்பு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை மொத்தமாகப் பெற முடிவதால், அடகு நகையை மீட்கவும் மகளின் கல்யாணத்துக்கும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஒழுகும் கூரைக்கும் அது கரைந்துவிட, கொழுந்துக்கூடை சுமந்து கழுத்தும் முதுகும் தேய்ந்த உடலில் நீரிழிவும் கண்புரையும் வந்து சேரும் வயதில் மாதாந்த ஓய்வூதியமும் இன்றிக் கை வெறுமையாகிறது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசந்தான். ஆனால், மஸ்கெலியாவின் மேற்பிரிவுகளிலிருந்து டிக்கோயாவுக்கோ கண்டிக்கோ செல்லும் முச்சக்கரவண்டிக் கூலியும், வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேனும் இலவசமல்ல. இந்நிலையில், சேமிப்பே இல்லாதவரிடம் முதற்பங்கைக் கேட்கும் காப்புறுதி, நோய் முற்றும்வரை அவரை லயத்திலேயே இருத்திவிடும். ஆகவே, வேலையில் இருப்போருக்குக் கிடைக்கும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் மருத்துவ உதவிகளை ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளருக்கும் நீட்டிக்கும் கோரிக்கையை, தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையிலேயே முன்வைக்க வேண்டும்.