‘ரம்மி திறமை விளையாட்டுதானே, பிறகு ஏன் தடை?’ - ஆன்லைன் பண விளையாட்டும் ஒரு எளிய கணக்கும்

2025 செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். இந்திய வீரர்களின் ஜெர்சியில் நெஞ்சுப் பகுதியில் ‘இந்தியா’ என்று மட்டும்தான் இருந்தது. வழக்கமாக அங்கே இருக்கும் ஸ்பான்சர் பெயரைக் காணோம்.

அந்த இடத்தில் இருந்தது ட்ரீம்11. 2023இல் மூன்று ஆண்டுகளுக்கு 358 கோடி ரூபாய் என்று பிசிசிஐயுடன் ஒப்பந்தம் போட்ட நிறுவனம் அது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியதும் ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டு விலகியது. பிறகு அப்போலோ டயர்ஸ் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஜெர்சியில் பெயரை மாற்றுவது சுலபம். ஆனால், வீட்டுக்கு வீடு செல்போனில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகுமா? அதோடு, ‘இது திறமை விளையாட்டுங்க, இதைப் போய்த் தடை செய்யலாமா?’ என்ற கேள்வியும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நிதானமாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மக்களவையில் 2025 ஆகஸ்ட் 20, மாநிலங்களவையில் 21, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 22. மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவையில் விரிவான விவாதம் நடக்கவில்லை என்பது ஒரு குறைதான்.

சட்டம் ஆன்லைன் விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது இ-ஸ்போர்ட்ஸ். போட்டியாக நடத்தலாம், நுழைவுக் கட்டணம் வாங்கலாம், பரிசும் தரலாம். இரண்டாவது, பொழுதுபோக்குக்கும் கல்விக்குமான விளையாட்டுகள். இவற்றுக்குத் தடை இல்லை. மூன்றாவது, பணம் கட்டி பணம் ஜெயிக்கும் விளையாட்டுகள். இவற்றுக்கு முழுத் தடை.

நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவர்களும் தப்ப முடியாது. ஆனால், ஆடுகிறவர்களுக்குத் தண்டனை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முக்கியமான வார்த்தை வேறு ஒன்று இருக்கிறது. திறமையாக இருந்தாலும் சரி, அதிர்ஷ்டமாக இருந்தாலும் சரி, இரண்டும் கலந்ததாக இருந்தாலும் சரி, பணம் வைத்தால் தடை என்கிறது சட்டம். பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் ஓடிய ஒரு வாதத்தை இந்த ஒரே வரி ஓரம் கட்டிவிட்டது.

‘திறமை’ வாதம் எங்கிருந்து வந்தது?

1967இல் செகந்திராபாத்தில் உள்ள ஒரு கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தச் சீட்டு விழுந்தது என்று ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும் என்பது அதன் விளக்கம். 1996இல் சென்னை ரேஸ் கிளப் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமை விளையாட்டு என்று தீர்ப்பானது.

இந்தத் தீர்ப்புகள்தான் ஆன்லைன் நிறுவனங்களுக்குக் கேடயம். 2020 நவம்பரில் அதிமுக அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் திமுக அரசு ஒரு குழுவை அமைத்து, 2022இல் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதே நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்தது செல்லாது என்று சொல்லிவிட்டது. கடைசியில் 2025இல், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்ற கட்டுப்பாடுகளை மட்டும் மாநில அரசு கொண்டுவந்தது. அதை ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஐந்து வருடம் இழுத்த இந்தச் சண்டை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: திறமையா, அதிர்ஷ்டமா?

என்னைக் கேட்டால், கேள்வியே தப்பு. கேட்க வேண்டியது இதுதான்: ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுப்பது யார்?

பத்துப் பேர், நூறு ரூபாய்

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பத்துப் பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு ஆடுகிறார்கள். மொத்தம் 1,000. ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். (உதாரணத்துக்குத்தான், நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.) ஜெயித்தவர்களுக்குப் போவது 850.

அதே 850-ஐ வைத்து மறுபடியும் ஆடினால், மிச்சம் 722. மூன்றாவது சுற்றில் 614. நான்காவதில் 522. ஐந்தாவது சுற்று முடியும்போது பத்துப் பேரிடமும் சேர்த்து இருப்பது சுமார் 444 ரூபாய்தான். மீதி 556 எங்கே? நிறுவனத்தின் கணக்கில்.

இந்தக் கணக்கில் திறமை எங்காவது வந்ததா பாருங்கள். பத்துப் பேருமே மேதைகளாக இருந்தாலும் மொத்தப் பணம் குறைந்துகொண்டேதான் போகும். திறமை தீர்மானிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: மிச்சப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை. ஒருவர் ஜெயிக்கிறார் என்றால் மற்ற ஒன்பது பேரின் இழப்பு இன்னும் வேகமாகும். அதாவது, திறமை விளையாட்டு என்பது புதிதாக வருகிறவருக்குப் பாதுகாப்பு கிடையாது. அவருக்கு அதுதான் அதிக ஆபத்து.

வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பத்து ரூபாய் வைத்து ரம்மி ஆடினால், ராத்திரி யார் ஜெயித்தாலும் பணம் அந்த நாலு பேருக்குள்ளேதான் சுற்றும். செயலியில் அப்படி இல்லை. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் சீட்டே பிடிப்பதில்லை, தோற்பதும் இல்லை.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ரம்மி திறமை ஆட்டம் என்று சொன்ன அதே 1967 தீர்ப்பிலேயே, பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டிருக்கிறது. திறமை ஆட்டம் என்ற பகுதி ஊரெல்லாம் தெரிந்த அளவுக்கு இந்தப் பகுதி தெரியவில்லை.

நிறுவனங்களே இதை வேறு விதமாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2023 அக்டோபர் முதல் ஆடுபவர் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி என்று வந்தபோது, அவர்கள் எழுப்பிய வாதம் என்ன தெரியுமா? ‘முழுப் பணமும் எங்களுடையது இல்லை, நாங்கள் எடுப்பது கமிஷன் மட்டும்தான், அதற்கு மட்டும் வரி போடுங்கள்’ என்பதுதான்.

சகுனிக்குத் திறமை, தருமனுக்கு?

வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சகுனி பகடையில் தேர்ந்தவன். அவனைப் பொறுத்தவரை அது திறமை விளையாட்டு. தருமனுக்கு ஆட ஆசை உண்டு, தேர்ச்சி இல்லை. ஒரே பலகை, ஒரே பகடை; ஒருவனுக்குத் தொழில், இன்னொருவனுக்கு நாடும் வீடும் போச்சு.

திருக்குறளில் சூதுக்கு என்றே ஒரு தனி அதிகாரம், 94ஆவது. இஸ்லாமும் சூதாட்டத்தை விலக்கி வைத்திருக்கிறது. வேறு வேறு மரபுகள் இதில் ஒரே குரலில் பேசுவதற்குக் காரணம், தோற்றவனின் வீடு எப்படி இருக்கும் என்று பார்த்த அனுபவமாகத்தான் இருக்க வேண்டும்.

தோற்றும் ஏன் விட முடியவில்லை?

‘அறிவு இருந்தா நிறுத்த மாட்டானா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அறிவியல் சொல்வது வேறு. எப்போது பரிசு வரும் என்று தெரியாமல், அவ்வப்போது மட்டும் கிடைத்தால், அந்தச் செயலை விடுவது மிகக் கடினம். புறாக்களை வைத்து அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் இதைக் காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொரு முறையும் தோற்றால் யாரும் நிறுத்திவிடுவார்கள். நடு நடுவே ஒரு வெற்றி வருவதுதான் பிடித்து வைக்கிறது. ‘ஒரே ஒரு சீட்டில் விட்டுட்டேன்’ என்ற மயிரிழைத் தோல்வியும் ஆடும் ஆசையைத் தூண்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், சூதாட்ட அடிமைத்தனம் ஒரு நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. அப்படியிருக்க, வீட்டில் திட்டுவதோ அறைவதோ மருந்தாகாது.

வேலை, வரி எல்லாம் போகுமே?

இது நியாயமான கேள்வி. இந்தத் துறையில் 2 லட்சம் வேலைகள் இருக்கின்றன, ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் வரி கிடைக்கிறது என்று தொழில் கூட்டமைப்புகள் அரசுக்கு எழுதின. மறுபக்கம், 45 கோடிப் பேர் ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது அரசுத் தரப்பு மதிப்பீடு. இரண்டுமே அவரவர் கணக்கு என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், நிறுவனங்கள் சொன்ன எண்ணையே எடுத்தாலும், அந்த வரிப் பணம் யார் சட்டைப் பையிலிருந்து வந்தது? தோற்றவருடைய பையிலிருந்துதான்.

வேலை இழந்த மென்பொருள் ஊழியர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அவர்களுடைய திறமைக்கு வேறு இடம் கிடைக்கும். தோற்றவரின் மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு யார் பொறுப்பு?

அரசு மட்டும் ஒழுங்கா?

இதைக் கேட்காமல் விட்டால் கட்டுரை பாதிதான். தமிழகத்தில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. எல்லையைத் தாண்டினால் கேரளத்தில் அரசே லாட்டரி நடத்துகிறது. குதிரைப் பந்தயத்துக்கு இன்னமும் சட்ட அனுமதி உண்டு.

பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், இதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள்; மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. சொன்னது செபி. விலை ஏற்ற இறக்கத்திலிருந்து தப்பிக்க உதவும் கருவி அது என்பது உண்மைதான். ஆனால், செல்போனில் வாராவாரம் அதிர்ஷ்டம் பார்க்கும் இளைஞருக்கு அதுவும் ரம்மியும் ஒன்றேதான். அங்கேயும் தரகுக் கட்டணம் எடுக்கும் அந்த ஐந்தாவது ஆள் உண்டு. ‘கமிஷன் யாருக்கு?’ என்ற அளவுகோலை அரசு எல்லா இடத்துக்கும் நீட்டினால்தான் அது நேர்மை.

தடை மட்டும் போதுமா?

போதாது. சட்டம் வந்ததும் பெரிய நிறுவனங்கள் பண விளையாட்டை நிறுத்தின. ஆனால், வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்களுக்கு நம் ஊர்ச் சட்டம் ஒரு பொருட்டில்லை. இங்கே கதவு மூடினால் அங்கே போகிறவர்கள் இருப்பார்கள். அங்கே ஆதாரும் கிடையாது, நேரக் கட்டுப்பாடும் கிடையாது, புகார் சொல்ல ஆளும் கிடையாது. அதனால் பணம் போகும் வழியை, அதாவது வங்கி, யுபிஐ பாதையை அடைப்பதில்தான் சட்டத்தின் உண்மையான சோதனை இருக்கிறது.

சட்டமே நிலைக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. மத்திய அரசு எப்படி நுழையலாம் என்று நிறுவனங்கள் போட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் உயர் நீதிமன்றங்களிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

வழக்கு எப்படி முடிந்தாலும், கடனில் சிக்கிய குடும்பம் அதற்காகக் காத்திருக்க முடியாது. ஆடியவருக்குத் தண்டனை இல்லை என்று முன்பே பார்த்தோம். ஆகவே, போலீஸ் பிடிக்கும் என்று பயந்து மறைக்கத் தேவையில்லை. முதலில் மொத்தக் கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். விட்டதைப் பிடிக்கக் கடன் செயலியில் புதிதாகப் பணம் எடுப்பதை அன்றே நிறுத்துங்கள். மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். மோசடியில் பணம் போயிருந்தால் 1930-ஐ அழையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையோ கணவரோ இப்படி வந்து நின்றால், ‘எவ்வளவு போச்சு?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்து, ‘சாப்பிட்டியா?’ என்று முதலில் கேளுங்கள். போன பணத்தை மெதுவாகச் சம்பாதித்துக்கொள்ளலாம்.