தொண்டுக்கு அனுபவம் என்று பெயரில்லையா?

என்னிடம் பண்டத்தரிப்பிலே தமிழ் படித்த மாணவன் ஒருவன் சிபார்சுக் கடிதம் கேட்டு வந்தான். வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய குடும்பங்களிடையே நான்காண்டுகள் ஒரு தொண்டர் அமைப்பில் உழைத்தவன். வியாபார நிர்வாக முதுமாணிப் படிப்புக்கு இரண்டாம் முறையாக விண்ணப்பிக்கிறான். முதல்முறை நேர்முகப் பரீட்சையில் அவனை மடக்கிய கேள்வி இது: "சேவை இருக்கட்டும், நிர்வாக அனுபவம் ஏதும் உண்டா?"

இக்கேள்வியில் உள்ள அறியாமையை எண்ணிப் பாருங்கள். பற்பசைக் கம்பனியின் குளிரூட்டிய அறையிலிருந்து கையொப்பமிட்டவனுக்கு அனுபவம் உண்டாம். ஏழைப் பெண்களின் சேமிப்புக்குச் சதக் கணக்கிற் பதில் சொன்னவனுக்கு, நன்கொடை வந்துசேராத மாதத்திலும் கிணறு வெட்டியவனுக்குக் கூலி தேடிக் கொடுத்துச் சங்கச் சண்டையையும் தீர்த்துவைத்தவனுக்கு, அது இல்லையாம்! சம்பளத்தைக் காட்டி வேலை வாங்குவது எளிது. காட்டுவதற்கு ஒன்றுமில்லாதபோது மனிதரை ஒரு காரியத்தில் இணைத்துக் கடைசிவரை கொண்டுசெல்வதன்றோ கடினம்?

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. இலட்சக்கணக்கானோர். அடுத்த நாட்களிற் பாடசாலை முற்றங்களிலே கிடாரம் வைத்துக் கஞ்சி காய்ச்சியவர்களிடம் எந்தப் பட்டமும் இருக்கவில்லை; வரிசை மட்டும் குலையவில்லை. ஏழு வயதில் அந்த வரிசையில் நின்றவன் நான். எங்கள் அயலூரான மூளாயிலே 1936 இற் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையே எழுந்தது. இவை நிர்வாகம் அல்லவென்றால் வேறெது?

நிர்வாகம் கற்றவர்களின் கைவண்ணத்தையும் பார்த்துவிட்டோம். 2009 இல் யுத்தம் முடிந்தபின் நுண்கடன் கம்பனிகள் வாசல்தோறும் வந்தன. இலக்கு, வசூல் வீதம், வாராந்த அறிக்கை எல்லாம் அப்பழுக்கில்லாதவை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பட்ட பெண்களைப் பற்றி எழுத அவ்வறிக்கையில் நிரல் இல்லை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களிலே பெண்களின் ஓர் இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்க நேர்ந்தது.

குஜராத்தின் ஆனந்திலே 1979 இல் கிராமிய முகாமைத்துவக் கழகத்தை நிறுவிய வர்கீஸ் குரியன், பாற் கூட்டுறவுகளை வளர்த்தெடுத்தவர். அங்கே மாணவர் கிராமத்திற் போய்த் தங்குவதும் படிப்பின் பகுதி. நம்மவர்களோ கிராமத்திலிருந்து வருபவனையே திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆயினும் என் மாணவனுக்கும் அன்று நான் ஏசத்தான் செய்தேன். காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பவர் ஒருவர் அவனுடைய கட்டுரையைத் 'திருத்தியிருந்தார்'. முதல் வரியிலேயே ஒரு விதவையின் கண்ணீர். அடுத்த வரியில், அக்கண்ணீர் இவனது தலைமைப் பண்பை மெருகேற்றிய கதை. "அந்த அம்மாவிடம் கேட்டாயா தம்பி?" என்றேன். தலை குனிந்தான். அனுபவத்தை மதிக்காத சபைக்கு அழுகையை விற்கப் போனால், நுண்கடன்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

கிழித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். அதிலே இருந்தது சங்கதி: கோழி வளர்ப்புக்குக் கொடுத்த தொகை, திரும்பியது, திரும்பாதது, இரண்டாம் வருடம் நோய் வந்து குஞ்சுகள் செத்தபோது தவணையைத் தள்ளிவைக்கச் சங்கம் எடுத்த தீர்மானம், அதை எதிர்த்தது தன் பிழை என்று அவனே எழுதியிருந்த குறிப்பு. அந்தப் பிழையையும் சேர்த்து எழுது என்றேன். எழுதினான். என் கடிதத்தை அதனோடு இணைத்து அனுப்பியிருக்கிறோம்.