டிக்கெட் செலவு வீண் செலவா?

ஒருவர் ஜெர்மனியில் இருப்பார். இன்னொருவர் பிரேசிலில் இருப்பார். மூன்றாமவர் கேரளத்தில் ஒரு சிற்றூரில் இருப்பார். மூவரும் சேர்ந்து ஒரே கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதுவார்கள். பத்து வருஷம் ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள்!

இப்படி எழுதப்படும் புரோகிராம்களுக்கு "ஓப்பன் சோர்ஸ்" என்று பெயர். "கட்டற்ற மென்பொருள்" என்றும் சொல்வார்கள். எழுதியது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி திறந்து வைக்கப்பட்டு இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எடுத்துப் பயன்படுத்தலாம். தன் தேவைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

"நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? அதற்கு அடித்தளம் "லினக்ஸ்". 1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் அதைத் தொடங்கினார். பிறகு உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கை கொடுத்தார்கள். உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒன்று உண்டு. 2017-ம் ஆண்டு முதல் அந்த 500-ம் லினக்சில்தான் ஓடுகின்றன.

வீட்டில் இருந்தபடியே இவ்வளவும் செய்கிறார்கள். அப்படி இருந்தும், மூட்டை கட்டிக்கொண்டு, கடல் கடந்து போய், ஒருவரை ஒருவர் நேரில் சந்திக்கிறார்கள்.

"எதற்கு இந்தப் பிரயாணம்? உல்லாசப் பயணமா? திரையில் முகம் பார்த்துப் பேசினால் போதாதா?" என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள்.

போதாது என்பதே நம் கட்சி.

காதலி பெயரில் ஒரு சங்கம்

"டெபியன்" என்று ஒரு கூட்டம் இருக்கிறது. லினக்சையும், அதனோடு ஆயிரக்கணக்கான புரோகிராம்களையும் தொகுத்து உலகத்துக்கு இலவசமாகக் கொடுக்கிறது. 1993-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கினார். அவருடைய காதலியின் பெயர் டெப்ரா. டெப்ராவையும் இயனையும் சேர்த்து "டெபியன்" என்று பெயர் வைத்தார்!

இந்தக் கூட்டத்தார் 2000-ம் ஆண்டில் பிரான்சு நாட்டின் போர்டோ நகரில் முதல் மகாநாடு நடத்தினார்கள். அதில் இருந்து வருஷம் தவறாமல் நடக்கிறது. 2020-லும் 2021-லும் மட்டும் கொரோனா காரணமாகத் திரையிலேயே நடத்தினார்கள். 2023-ம் ஆண்டு செப்டம்பரில், முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்தார்கள். கொச்சியில் கூடினார்கள். 35 நாடுகளில் இருந்து 470-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

மகாநாடு என்றதும் மாலை, மேடை, மைக் என்று நினைக்கிறோம். இங்கே பேச்சுகள் உண்டு. ஆனால் பாதி வேலை பேச்சு முடிந்த பிறகுதான் நடக்கிறது. மகாநாட்டுக்கு முந்திய சில நாட்களும் கூடி உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். கடிதத்தில் மாதக்கணக்காகச் சண்டை போட்ட இருவர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எழுத்தில் கடுகடுப்பாகத் தெரிந்த ஆள், நேரில் பார்த்தால் கூச்ச சுபாவம் உள்ளவராக இருப்பார். ஒரு நாள் இரவு, அவரவர் தங்கள் ஊரில் இருந்து கொண்டுவந்த பாலாடைக்கட்டியையும் தின்பண்டத்தையும் மேஜை மீது பரப்பிப் பகிர்ந்து உண்பார்கள். வருஷந்தோறும் இது ஒரு சடங்கு போல நடக்கிறது.

பாஸ்போர்ட்டும் கையுமாக...

விருந்து மட்டும் அல்ல. இன்னொரு காரியமும் நடக்கிறது. அதுதான் முக்கியம்.

டெபியன் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் ஒரு மின்னணுச் சாவி இருக்கும். தான் அனுப்பும் புரோகிராமின் அடியில் அதைக் கொண்டு கையெழுத்துப் போடுவார். இந்தச் சாவி உள்ளவர்கள்தான் புரோகிராமை உள்ளே சேர்க்க முடியும். சரி, இந்தச் சாவி இன்னாருடையது என்று எப்படி நம்புவது?

நேரில் பார்த்துத்தான்!

மகாநாட்டில் பாஸ்போர்ட்டும் கையுமாக நிற்பார்கள். ஒருவர் பாஸ்போர்ட்டை ஒருவர் வாங்கிப் படத்தைப் பார்ப்பார். முகத்தைப் பார்ப்பார். சாவிக்கு எண்ணும் எழுத்துமாக 40 கொண்ட ஓர் அடையாளக் குறி உண்டு. அதை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால், "இவரை நான் அறிவேன்" என்று சாவி மீது சாட்சிக் கையெழுத்து. நம்முடைய பத்திரப் பதிவு ஆபீசில் சாட்சி போடுகிறோமே, அதே முறைதான்.

கல்யாணத்துக்கு ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோவும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போகாமல் தட்டு மாற்றுகிறோமா? கம்ப்யூட்டரில் புலிகளாக இருப்பவர்களும் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அரை வினாடி தாமதம்

முகம் தெரியாத நம்பிக்கை எதில் கொண்டுபோய் விடும்? 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் உலகம் பார்த்தது.

"எக்ஸ்.இசட். யூட்டில்ஸ்" என்று ஒரு சிறு புரோகிராம். பெரிய தகவல்களைச் சுருக்கி வைக்கும் வேலை அதற்கு. உலகத்துக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது இருக்கிறது. அதைப் பல வருஷங்களாகப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த ஒரே ஒரு மனிதர். சம்பளம் கிடையாது. ஓய்வு நேரத்தில் செய்தார். சோர்ந்து போயிருந்தார்.

2021-ல் "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பினார். வேறு சில பெயர்களில் இருந்து, "வேலை மெதுவாக நடக்கிறது. இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்" என்று பெரியவருக்கு நச்சரிப்பு வந்தது. கடைசியில் ஜியா டானிடம் அதிகாரம் போனது. இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாகக் காத்திருந்த அந்த ஆசாமி, 2024 பிப்ரவரியில் புரோகிராமுக்குள் ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார்! ரகசியச் சாவி உள்ளவன் பிறருடைய கம்ப்யூட்டருக்குள் அதன் வழியாக நுழைந்துவிடலாம்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற என்ஜினீயர். தன் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்டார். அரை வினாடி! வேறு ஒருவராக இருந்தால் கொட்டாவி விட்டுவிட்டுப் போயிருப்பார். அவர் நோண்டிப் பார்த்தார். மார்ச் 29-ந்தேதி உண்மையை உலகுக்குச் சொன்னார். நஞ்சு பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குப் பரவும் முன் தடுத்துவிட்டார்கள்.

ஜியா டான் யார்? ஆணா, பெண்ணா? ஒருவரா, ஒரு கூட்டமா? தெரியவில்லை.

டெபியனின் சோதனைப் பதிப்புக்குள்ளும் அந்தக் கள்ளக்கதவு வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். டெபியன் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பாஸ்போர்ட் வைத்துப் பார்த்தவர்கள். ஆனால் அவர்கள் வெளியில் இருந்து எடுத்துச் சேர்க்கும் புரோகிராம்களை எழுதுகிறவர்களை யார் பார்த்தது?

"வஞ்சகன் விமானம் ஏறி நேரில் வர மாட்டானா? கள்ளப் பாஸ்போர்ட் கிடையாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாஸ்போர்ட் பார்ப்பதால் மட்டும் திருட்டு நின்றுவிடாது. பெயரை மறைத்துக்கொண்டு நல்ல வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விரட்டக் கூடாது. நாம் கவலைப்படுவது மறுபக்கத்தைப் பற்றி. தன்னந்தனியாக உழைத்துச் சோர்ந்து போன மனிதரைப் பற்றி. அவரைத் தேடிப் போய், "கொஞ்சம் ஓய்வு எடுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல நேரில் பழகிய நாலு பேர் இருந்தால், முகம் தெரியாதவனின் நச்சரிப்பு அவ்வளவு சுலபமாகப் பலிக்காது.

யார் பணம் கொடுப்பது?

இங்கேதான் டிக்கெட் செலவு வருகிறது.

பெரிய கம்பெனி ஊழியருக்குக் கவலை இல்லை. கம்பெனி அனுப்பும். சம்பளம் இல்லாமல் எழுதுகிறவர் கதி? டெபியன் மகாநாட்டார் நன்கொடை திரட்டி, வர வசதி இல்லாதவர்கள் பலருக்குப் பிரயாணச் செலவும் சாப்பாடும் தங்க இடமும் கொடுக்கிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம். பெல்ஜியம் நாட்டின் பிரசல்ஸ் நகரில் வருஷந்தோறும் நடக்கும் "பாஸ்டெம்" கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. பல ஆயிரம் பேர் கூடுகிறார்கள்.

ஆனால் பிரசல்சுக்குப் போய்ச் சேர வேண்டுமே! நம் நாட்டு இளைஞர் விசாவுக்கு விண்ணப்பித்தால் 2024-ம் ஆண்டு ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. மறுத்துவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. பேங்க் கணக்கைக் காட்டு, சம்பளச் சீட்டைக் காட்டு என்பார்கள். இலவசமாக எழுதுகிறவனிடம் சம்பளச் சீட்டு எங்கே இருக்கும்?

இந்தப் புரோகிராம்களை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள் உலகத்தில் இருக்கின்றன. சில கம்பெனிகள் மகாநாட்டுக்கு நன்கொடை தருகின்றன, உண்மை. அது போதாது. தாங்கள் பயன்படுத்தும் சிறு புரோகிராம்கள் எவை, அவற்றைத் தனியாளாகத் தாங்கிக்கொண்டு இருப்பவர் யார் என்று கணக்கு எடுக்கட்டும். அவருக்கு ஒரு டிக்கெட் வாங்கி அனுப்பட்டும். ஒரு கள்ளக்கதவால் வரும் நஷ்டத்துக்கு முன்னால் அந்த டிக்கெட் எம்மாத்திரம்? அரசாங்கங்களும் மகாநாட்டு அழைப்புக் கடிதத்துக்கு மதிப்புக் கொடுத்து விசா வழங்க வேண்டும். இந்திய அரசாங்கமும் இதில் சேர்த்திதான். கொச்சிக்கு வர வெளிநாட்டினருக்கும் விசா தேவைதானே?

சட்டம் எங்கே தடுக்கிறதோ, அங்கே இருந்து விலகிக் கூடுவதும் பழைய வழக்கம்தான். 1999-ம் ஆண்டில் "ஓப்பன் பி.எஸ்.டி." என்ற கூட்டத்தைச் சேர்ந்த 10 பேர் கனடாவின் கால்கரி நகரில் கூடினார்கள். ரகசியக் குறியீட்டுப் புரோகிராம்களை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கச் சட்டத்தில் தொல்லை இருந்தது. எனவே அமெரிக்காவுக்கு வெளியே உட்கார்ந்து எழுதினார்கள்!

டெபியன் மகாநாடும் ஒரே ஊரில் நிற்பது இல்லை. நிகராகுவாவுக்குப் போயிருக்கிறது. தென் ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. தைவானுக்கும் கொசோவோவுக்கும் போயிருக்கிறது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். அப்படிப் படித்து வந்த மாணவன் ஒருவன் 2023-ல் உலகத்து நிபுணர்களைக் கொச்சியில் பார்க்க விரும்பியிருந்தால், அவனுக்கு விசா தேவைப்பட்டிருக்காது. 90 யூரோ தேவைப்பட்டிருக்காது. எர்ணாகுளத்துக்கு ஒரு ரெயில் டிக்கெட் போதும்.