பூனைக்கு எதற்கு செமிகோலன்?

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் (தமிழ்நாடு அரசு, 2019-ல் வந்தது) கையில் கிடைத்தால் கடைசி அலகைப் பாருங்கள். 23. காட்சித் தொடர்பு. நியூட்டன், மெண்டல், டார்வின் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, கடைசிப் பந்தியில் ஒரு ஸாஃப்ட்வேர் உட்கார்ந்திருக்கிறது. பெயர் ஸ்க்ராட்ச்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007-ல் வெளியிட்டது. பைசா செலவில்லை. திரையில் ஓர் ஆரஞ்சுப் பூனை நிற்கும். 'பத்து அடி நகர்', 'ஓரத்தில் முட்டினால் திரும்பு' என்று கலர் கலராகக் கட்டைகள். ஒன்றன் கீழ் ஒன்றாக மாட்டினால் பூனை நடக்கும். பொருந்தாத கட்டை மாட்டவே மாட்டாது. எனவே, புள்ளி விட்டுப்போச்சு, பிராக்கெட் விட்டுப்போச்சு என்ற புலம்பலே கிடையாது. பத்து வயசுப் பிள்ளைகூட சாயந்திரத்துக்குள் ஒரு கேம் செய்துவிடலாம்.

நாம் என்ன செய்தோம்? அதையும் மனப்பாடம் செய்தோம்!

பெருங்குடியில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனின் பெண் பத்தாவது படிக்கிறாள்.

"ஸ்டேஜ்னா என்னம்மா?" என்றேன். மூச்சு விடாமல் இரண்டு மார்க் பதில். "ஸ்ப்ரைட்?" அதற்கும் ரெடி.

"சரி, பூனையை நடக்க வெச்சியா?"

"அது பரீட்சைல கேக்க மாட்டாங்க சார்."

இட்லிக்கு வரையறை எழுதிவிட்டுப் பசியாறுகிற கதை.

மூன்றாவது மாடிக்காரர் ஓ.எம்.ஆரில் ஸாஃப்ட்வேர் பழம். (அவர் பையனுக்கு மட்டும் ஆன்லைனில் கோடிங் வகுப்பு. ஃபீஸைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது.) "கட்டை அடுக்கறதெல்லாம் பொம்மை விளையாட்டு சார். ஸி லாங்வேஜ்ல ஆரம்பிச்சாத்தான் அஸ்திவாரம்" என்றார். அவர் கற்றது டர்போ ஸி. அதில் ஒரு வட்டம் போட வேண்டும் என்றால் கிராஃபிக்ஸை எழுப்ப வேண்டும், பி.ஜி.ஐ. என்கிற ஃபோல்டர் எங்கே இருக்கிறதென்று விலாசம் சொல்ல வேண்டும். விலாசம் தப்பினால் வட்டம் வராது, எர்ரர் வரும். பந்து குதிப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். பாதிப் பேர் பந்தைப் பார்க்காமலே டிகிரி வாங்கினார்கள்.

இங்கிலீஷ்தான் தடை என்றால் அதற்கும் ஒருவர் வழி செய்தார். முத்தையா அண்ணாமலை உருவாக்கி வெளியிட்ட 'எழில்' முழுக்கத் தமிழிலேயே ப்ரோக்ராம் எழுதும் மொழி. 'பிரின்ட்' கிடையாது, 'பதிப்பி'. நல்ல காரியம். ஆனால் எழுதுவது தமிழானாலும் ஒரு எழுத்துத் தவறினால் ஓடாது.

வாட்ச்மேன் பெண்ணின் அக்காவுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் இருந்தது. ஸ்க்ராட்சை ஒரு தடவை இறக்கிக்கொண்டால் போதும், அப்புறம் நெட் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் பூனை ஆப்பிள் தின்ன ஆரம்பித்தது. ஒரு ஆப்பிளுக்கு ஒரு பாயிண்ட். திடீரென்று அலறல்.

"சார், ஒரு ஆப்பிளுக்குப் பதினேழு பாயிண்ட் ஏறுது! லேப்டாப் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. 'எப்போதும் செய்' என்ற கட்டை, "தொட்டாச்சா? தொட்டாச்சா?" என்று செகண்டுக்கு முப்பது தடவை கேட்கிறது. பூனை ஆப்பிள் மேல் நிற்கிற வரை ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டுகிறது. பி.காம். பாஷையில், ஒரே பில்லைத் திரும்பத் திரும்ப டேலியில் ஏற்றுவது. அரை மணி உட்கார்ந்து அவளே கண்டுபிடித்தாள். தின்ற கையோடு ஆப்பிளை வேறு இடத்துக்குத் துரத்திவிட்டாள். மூன்றாவது மாடி எட்டிப் பார்த்து, வேண்டா வெறுப்பாகச் சொன்னது: "இதே பக் ஸி ப்ளஸ் ப்ளஸ்லயும் வரும்."

அதேதான் சார்! செமிகோலன் தகராறு கம்ப்யூட்டருக்கும் நமக்கும். பதினேழு பாயிண்ட் தகராறு நம் யோசனைக்கும் நமக்கும். ஸ்க்ராட்ச் முதலாவதை ஒழித்துக்கட்டி, இரண்டாவதை முதல் நாளே மடியில் வைக்கிறது. பூனையைக் குதிக்க வைத்தால் இன்னும் ஜோர். மேலே போன பூனை அங்கேயே நிற்கும்! புவியீர்ப்பை நாம்தான் செய்து தர வேண்டும்: வேகத்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறை. அவள் அதே புத்தகத்தின் முதல் அலகைப் புரட்டினாள். இயக்க விதிகள். ஜி.டெவலப், கன்ஸ்ட்ரக்ட் மாதிரி கருவிகளில் இந்தக் குதி ரெடிமேடாகக் கிடைக்கும். கேம் சீக்கிரம் முடியும், நியூட்டன் வரமாட்டார்.

மாடிக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. ஸ்க்ராட்சில் 300 நகலுக்கு மேல் எதிரிகளை உருவாக்க முடியாது. கேம் பெரிதானால் கட்டைகள் இடியாப்பம்; எது எங்கே என்று தேடியே கண் பூத்துவிடும். எழுதின கோடில் ஒரு வார்த்தையைத் தேடி நூறு இடத்தில் மாற்றலாம். 1999-ல் மார்க் ஓவர்மார்ஸ் என்ற டச்சுப் பேராசிரியர் வெளியிட்ட கேம்மேக்கரில் இரண்டும் உண்டு, இழுத்து வைக்கலாம், எழுதவும் செய்யலாம். டோபி ஃபாக்ஸ் 2015-ல் உலகத்தையே விளையாட வைத்த 'அண்டர்டேல்' அதில் செய்ததுதான்.

நம் பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் ஸி ப்ளஸ் ப்ளஸ், ப்ளஸ் டூவில் பைதான். அவள் எடுப்பதாக இருக்கிறாள். அப்பாவுக்கு யோசனை, அக்கவுண்டன்ஸி படித்தால் வேலை நிச்சயம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் (நான் இல்லை). மாடிக்காரர் மனமிரங்கி, தன் பழைய ஸி புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துவந்து கொடுத்தார். அட்டை முதல் அட்டை வரை புரட்டிவிட்டுக் கேட்டாள்:

"சார், இதுல பூனை எத்தனாவது பக்கம்?"